ஓணானுக்கு ஒரு விளக்கு

1

எங்கள் வீட்டில் ஓர் ஓணானுக்கு இடம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். வேலியில் ஏறி நின்று தலையை ஆட்டுமே, அந்த வகைதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து இனம். கழுத்துக்குக் கீழே முள் முள்ளாகத் தாடி, கோபம் வந்தால் அந்தத் தாடி மட்டும் கறுத்துவிடும். பியர்டட் டிராகன் என்பார்கள். என் மகள் அபிக்கு அது பியர்டி. இன்னும் வராத அந்தப் பிராணிக்குச் சம்பல் என்று, இந்த ஊர் மிளகாய்த் துவையலின் பெயரையும் வைத்துவிட்டாள்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியில் ஒரு மாடி வீடு. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் ஒன்று. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறார், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நான் தனியார் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அபி இங்கே பிறந்தவள். பதினான்கு வயது. அவளுக்கு நம் ஊர் என்பது டிசம்பர் விடுமுறையில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத ஓர் இடம்.

அவள் இரண்டு வருடமாகக் கேட்டாள். வேண்டாம் என்று ஒரு வருடம் சொன்னேன். பிறகு, சொல்லக் கூடாத ஓர் இடத்தில், சரி என்று சொல்லிவிட்டேன்.

2

அந்த இடம் மருத்துவமனை. அதைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. எங்கள் பகுதியில் வெள்ளி தோறும் பாசார் மாலாம் கூடும், தெருவை அடைத்துப் போடும் மாலைச் சந்தை. மழை வருகிற மாதிரி இருந்தது. நான் சாமி மாடத்தில் விளக்கேற்றி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏற்றிய விளக்கை ஊதி அணைக்கக் கூடாது. பூவால் குளிரவைக்கலாம், ஆனால் ஏற்றிய கையோடு குளிரவைக்க மனம் வரவில்லை. அரை மணி நேரம்தானே, தானாக எரிந்து அடங்கட்டும் என்று விட்டுவிட்டுச் சந்தைக்குக் கிளம்பினேன்.

அபி மாடியில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டில் திருட்டு நடந்திருந்தது. அதனால் வாசல் கிரில் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டினேன். சாவி என் கைப்பையில்.

படத்துக்குச் சாத்தியிருந்தது பிளாஸ்டிக் மல்லிகைச் சரம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மாடம் மரப் பலகை. அதற்கு மேல் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டு கீரைக் கட்டுகளில் எது இளசு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு கக் ரோஹானாதான் புகையைப் பார்த்தவர். கக் என்றால் அக்கா. அவருடைய கணவர் இரும்பு வெட்டும் கத்தரியோடு ஓடி வந்து பூட்டை நறுக்கினார். "கம்பிக்கு வெளியில விரல் மட்டும் தெரிஞ்சது" என்று கக் ரோஹானா மலாயில் சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

புகை உள்ளே போனதற்காக அபியை ஒரு நாள் வைத்திருந்தார்கள். காயம் இல்லை. மூக்கில் குழாயோடு கிடந்தவளிடம், "ஒனக்கு என்ன வேணும்னாலும் கேளு" என்றேன். குழாயை விலக்கிவிட்டு, "பியர்டி" என்றாள்.

என் ஆய்வகச் சுவரில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. எரியும் சுடரை விட்டு அகலாதே. அது என் கையெழுத்து. இன்னும் கிழிக்கவில்லை.

3

வீடு திரும்பிய பிறகு மாடத்தில் பேட்டரி விளக்கு வைத்தேன். அபியைத் தனியாக விடுவதையும் நிறுத்தினேன். மதியம் இரண்டு மணிக்குப் பள்ளி விடும். முன்பு வேனில் நேரே வீட்டுக்கு வருவாள். இப்போது வேன் அவளை என் ஆய்வகத்தில் இறக்கிவிடும். ஐந்து மணி வரை முக்காலியில் உட்கார்ந்திருப்பாள், ரயில் நிலையத்தில் யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பெட்டி மாதிரி.

பியர்டியைத் தள்ளிப்போட என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. உயிருள்ள சில்வண்டு வாங்க வேண்டும், வீட்டில் கத்தும். தொட்டால் கை கழுவ வேண்டும். பத்து வருடம் இருக்குமாம், நீ கல்லூரிக்குப் போனால் யார் பார்ப்பது? ஒவ்வொன்றுக்கும் அவள் நோட்டில் பதில் இருந்தது. சில்வண்டு வேண்டாம், டூபியா கரப்பான், அது கத்தாது.

"கரப்பானா? காசு குடுத்தா?"

"மா, வீட்டுக் கரப்பான் இல்ல. கிளீன் கரப்பான்."

கடைசியில் அனுமதி வேண்டுமா என்று கேட்க ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், முடியாது என்று அவர்கள் சொல்லட்டும் என்றுதான் போனேன். என் விசா, கணவர் விசா, பிறகு நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை என்று பதினாறு வருடமாக இந்த நாட்டின் கவுன்டர்களில் நின்றவள். ஒரு தாள் குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பது என் அனுபவம். அதை நம்பிப் போனேன்.

டிராகனுக்கு மலாயில் நாகா. வீட்டில் ஒரு தாடி வைத்த நாகா வளர்க்க வேண்டும் என்று என் மலாயில் சொன்னேன். கவுன்டரில் இருந்த பெண் பேனாவை வைத்துவிட்டுப் பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டார்.

"தீ கக்குமா, புவான்?" என்று அவர் கேட்டார். புவான் என்றால் அம்மணி. இருவரும் சிரித்தார்கள். நல்லவர்கள், என்னையும் சிரிக்கவைக்கத்தான் கேட்டார்கள். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கைப்பேசியில் படத்தைக் காட்டியதும் புரிந்துகொண்டார்கள். விற்பவரிடம் உள்ள தாளின் நகல், என் முகவரி, ஒரு கையெழுத்து. "போலே" என்றார் அந்தப் பெண். முடியும். இந்த நாட்டில் இவ்வளவு சுலபமாக எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

4

அந்த விற்பவர் பெயர் குணா. செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கிறார். கையுறைத் தொழிற்சாலையில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. சமையலறைக்குப் பின்னால் பலகை அடித்து, அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பெட்டிகள் வைத்து, பியர்டி வளர்த்து விற்கிறார். நான் வாயைத் திறந்ததுமே, "ஊர்க்காரவங்களா?" என்றார். இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா."

"ஒங்க ஊர்ல கல்லால அடிப்பீங்களேக்கா. இங்க வந்து காசு குடுத்து வாங்குறீங்க."

அபி சிரித்தாள். என் மனதில் வேறு ஒன்று ஓடியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் சூட்டு விளக்கு எரிந்தது. அதன் கீழே கல்மேல் ஒவ்வொரு பியர்டியும் தட்டையாகப் படுத்து வாயைப் பாதி திறந்துவைத்திருந்தது. சூடு போதுமென்று ஆனால் அப்படித் திறக்குமாம். நான் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

"வெயில்தான் இந்த அடி அடிக்குதே," என்றேன். "விளக்கு இல்லாம வளக்க முடியாதா?"

"வெயில் வெளிய அடிக்குதுக்கா. இது உள்ள இருக்கு. அதோட இங்க காத்தப் புழிஞ்சா தண்ணி வரும், இதுக்கு ஈரம் ஆவாது. சூடு இல்லன்னா தின்னது செரிக்காது, வயித்துலயே அழுகிரும். அந்த நீளமான டியூப் லைட்டு இல்லன்னா எலும்பு வளைஞ்சிரும். ஒரே நாள்ல சாவாது. கொஞ்சங் கொஞ்சமா." அவர் என்னைப் பார்த்தார். "பகல்ல வீட்டுல யாரு இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டோம்."

"ரெண்டு மணிக்கு நான் வந்துருவேன், அங்கிள்," என்றாள் அபி.

"இவ ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வர்றதில்ல," என்றேன்.

அபி திரும்பி ஒரு பெட்டிக்குள் பார்க்கத் தொடங்கினாள்.

குணா திறந்திருந்த ஒரு பெட்டியை மூடினார். பிறகு, "இப்ப குடுக்க மாட்டேன்," என்றார். "மொதல்ல டேங்க செட் பண்ணுங்க. ஒரு வாரம் காலியா ஓட்டுங்க. காலைல ஏழுலேருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும், தெனம் சூட்ட அளந்து எனக்கு எழுதி அனுப்புங்க. நீங்க எப்பவும் போல வேலைக்குப் போங்க, பாப்பா ஸ்கூலுக்குப் போவட்டும். பக்கத்துலயே குந்திக்கிட்டு நம்பர் எடுத்து அனுப்பாதீங்க லா. போன வருசம் ஒருத்தரு வாங்கிட்டுப் போனாரு. வெளிய போறப்பல்லாம் லாம்ப அணைச்சிட்டுப் போவாரு. பயம். மூணு மாசந்தான் இருந்திச்சு."

 திரும்பும் வழியில் ஜெராய் மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது.

5

நான்கு அடி நீளப் பெட்டி. மேலே கம்பி வலை, ஈரம் தங்காமல் இருக்க. தரைக்கு மணல் வேண்டாம், விழுங்கிவிடும், பழைய ஓடு போதும். ஒரு பக்கம் சூடு நாற்பது டிகிரி, மறுபக்கம் இருபத்தெட்டு, ஓடிப்போய் ஒளிந்துகொள்ள ஒரு குகை. விளக்கைச் சுற்றிக் கூண்டு, பீங்கான் ஹோல்டர், நேரம் பார்த்து அணைக்கும் டைமர். அளவுக்கு மேல் சூடானால் மின்சாரத்தை நிறுத்தும் ஒரு கருவியையும் கணவர் மாட்டினார். மாட்டிவிட்டு, "எல்லாத்துக்கும் கட் ஆஃப் போட்டாச்சு. நீதான் கட் ஆஃப் ஆக மாட்டேங்குற," என்றார்.

பெட்டியை வைத்தது கூடத்தில். மாடத்துக்கு எதிர்ச் சுவரில். வேறு இடம் இல்லை.

ஓடு பதிக்கும்போது அபியிடம் அந்தப் பழைய விஷயத்தைச் சொன்னேன். சிறு வயதில் என் அண்ணன் ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு வேலி ஓணானைப் பிடிப்பான். ராமனுக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அந்தக் கதை எங்களுக்கு அனுமதிச் சீட்டு. பிடித்த ஓணானின் வாயில் மூக்குப்பொடியைத் திணிப்பான்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அப்பாவோட பொடி மட்டைய எடுத்துட்டு வந்து குடுப்பேன்."

"அப்புறம்?"

"அது கிறுகிறுன்னு சுத்தும். விழும். சிரிப்போம்."

அபி கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தாள். "எத்தன?"

"எண்ணல."

"மா," என்றாள் கொஞ்சம் கழித்து, "குணா அங்கிள்ட்ட மட்டும் சொல்லிறாதீங்க. குடுக்கவே மாட்டாரு."

அதே அண்ணன் அன்று மாலை கைப்பேசியில் பெட்டியைப் பார்த்தான். "ஓணானுக்கா லைட்டு? இங்க வா, வேலில எம்புட்டு வேணும்?" என்றான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. சொல்லிப் பார்த்தேன், சிரித்தான்.

6

சோதனை வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது, கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். காலை ஏழு மணிக்கு டைமர் சொடுக்கியது, காலிப் பெட்டியில் விளக்கு எரிந்தது. கல்லின் மேல் ஒரு மஞ்சள் வட்டம். நாங்கள் கிளம்பினோம். முதல் சாலைச் சந்திப்பிலேயே கணவரிடம் காரைத் திருப்பச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மறுபடி கிளம்பினோம். அபி பின் இருக்கையிலிருந்து, "நீங்க ரொம்ப கஞ்சோங் லா," என்றாள். பதறுகிறவரை இங்கே எல்லா இனத்தாரும் கஞ்சோங் என்றுதான் சொல்வார்கள், லா எல்லார் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் வால். கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது.

திங்கட்கிழமை அவர்கள் இருவரும் காரில் ஏறிய பிறகு, எதையோ மறந்ததுபோல் உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மாலையில் முதலில் நானே உள்ளே நுழைந்து திரும்பச் செருகினேன். தாளில் நாற்பது என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. நாற்பது. புதன், நாற்பது புள்ளி இரண்டு. அந்தப் புள்ளி இரண்டை ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. ஆய்வகத்தில் ஒரு மாணவன் இப்படி அளக்காமல் எழுதினால் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பேன்.

புதன் மாலை நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அபி வந்து நின்றாள்.

"மா, அந்த தெர்மாமீட்டர்ல ஒரு பட்டன் இருக்கு. மூணு நாளா பகல்ல எவ்ளோ இருந்திச்சுன்னு மணி மணியா காட்டும்."

நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"முப்பத்தொண்ணு," என்றாள். "பகல் முழுக்க. ரூம் சூடு. சம்பல் இருந்திருந்தா மூணு நாளா தின்னது செரிச்சிருக்காது."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. தீ விபத்துக்குப் பிறகு அவள் அறைக் கதவைச் சாத்துவதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். பயந்தவள் நான் மட்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுப்பை அணைத்துவிட்டுக் குணாவுக்கு எழுதினேன். எண்கள் பொய் என்று எழுதினேன். ஏன் என்றும் எழுதினேன், பூட்டையும் சேர்த்து. பதில் வரவில்லை. மறுநாள் வேலை முடிந்து, அழுக்கு யூனிபார்மோடு, கையில் டெஸ்டரோடு அவரே வந்து நின்றார். பெட்டியின் ஒயரை ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தார். விளக்கின் கூண்டைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் போட்டு இழுத்தார்.

"இது உழுவாதுக்கா."

"தெரியும்."

"தெரியும்ல?" என்றார். "அப்ப ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க. இன்னொரு வாரம்."

அவர் போனதும் அபி சொன்னாள். "ஞாயித்துக்கெழமலேருந்து வேன்ல வீட்டுக்கே வந்துர்றேன்மா. லேப் முக்காலில உக்காந்தா முதுகு வலிக்குது."

சரி என்று நான் சொல்லவில்லை. அடுத்த நாள் கடைக்குப் போய்க் கிரில் சாவிக்கு மூன்று நகல் எடுத்தேன். ஒன்று கக் ரோஹானாவுக்கு, ஒன்று உள்பக்க ஆணியில், ஒன்று கயிற்றில் கோத்து அபியின் கழுத்துக்கு.

7

இரண்டாவது வாரம் ஐந்து நாளும் பிளக்கைத் தொடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரு வேலையும் ஓடவில்லை, இரண்டு சோதனைக் குழாய்களை உடைத்தேன். இருந்தாலும் தாளில் இருக்கும் எண்கள் எல்லாம் அபி அளந்தவை.

ஆறாவது நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. தீ பிடித்த அந்த வெள்ளியோடு ஓராண்டு. யாரும் அதைப் பேசவில்லை. மாலை ஆறு மணிக்கு அபி, "பாசார் மாலாம் போகலியா? சம்பலுக்கு சாவி வாங்கணும்," என்றாள். சாவி இங்கே ஒரு கீரை.

"நீயும் வா."

"நான் இருக்கேன்."

அதே நேரம், அதே சந்தை, வீட்டில் எரிகிற ஒரு விளக்கு, உள்ளே இவள். செருப்பை மாட்டி, கழற்றி, மாட்டினேன்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ மீட்டர போட்டோ எடுத்து அனுப்பு," என்றேன். "கிரில் கதவ வெளிய பூட்ட மாட்டேன். நீ உள்பக்கமா பூட்டிக்கோ."

"ஓகே மா. போங்க லா."

சந்தையின் முதல் கடையை எட்டியபோது முதல் படம் வந்தது. நாற்பது புள்ளி ஒன்று. கடைக்காரர் கீரையை நீட்டிக்கொண்டே இருந்தார், நான் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டாவது படம், முப்பத்தொன்பது புள்ளி எட்டு. மூன்றாவது படத்தில் எண் சரியாக விழவில்லை. கண்ணாடியில் அபியின் முகம்தான் விழுந்திருந்தது. பக்கத்தில் பாடப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து எழுந்து இதைச் செய்துகொண்டிருக்கிறாள். படத்தில் அவளைப் பார்க்கையில், வீட்டைக் காவல் காப்பவளாகத் தெரியவில்லை. என்னைக் காவல் காப்பவளாகத் தெரிந்தாள். அலுத்துப்போயிருந்தாள்.

இனிமேல் அனுப்ப வேண்டாம், படி, என்று எழுதினேன். கைப்பேசியைக் கீரைக்கு அடியில் போட்டேன். பிறகு சந்தையின் மறுகோடி வரை நடந்தேன். தேவையில்லாமல் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். கால்கள் ஓடப் பார்த்தன. நடக்கவைத்தேன்.

திரும்பியபோது ஏழு மணி தாண்டியிருந்தது. இங்கே ஏழரைக்குத்தான் இருட்டும். கக் ரோஹானா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், அவருக்கும் நாள் தெரிந்திருந்தது. கூடத்தில் விளக்கு டைமர்படி அணைந்திருந்தது. பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அபி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மெதுவாத்தான் வந்தீங்க," என்றாள், தலையைத் தூக்காமல்.

"ஆமா."

சனி இரவு ஏழு நாள் எண்களையும் குணாவுக்கு அனுப்பினோம். 'அடுத்த வெள்ளி வாங்கக்கா, ஐஸ்கிரீம் டப்பா ஒண்ணு கொண்டாங்க, மூடியில ஓட்ட போட்டு' என்று பதில் வந்தது.

மாடத்தில் இன்னும் பேட்டரி விளக்குதான். அதை மாற்ற எனக்கு அவசரமில்லை.

இன்று மதியம் டப்பாவைக் கழுவித் துடைத்தோம். பிளாஸ்டிக்கில் ஓட்டை போட ஆணியைச் சுடவைக்க வேண்டும். இடுக்கியில் ஆணியைப் பிடித்துக்கொண்டு அபியே அடுப்பைப் பற்றவைத்தாள். நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீலச் சுடரில் ஆணி நுனி சிவந்தது. மூடியில் வைத்ததும் சுர்ரென்று இறங்கியது, கொஞ்சம் புகை, அந்தப் பிளாஸ்டிக் வாசம். அவள் ஒரு நொடி நிறுத்தினாள்.  பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு அடுத்த ஓட்டையைப் போட்டாள். வரிசையாக எட்டு.

அடுப்பை அணைத்துவிட்டு மூடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"போதுமா?"

"இன்னும் ரெண்டு போடு," என்றேன்.

அவள் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தாள்.